பருவ முடிவுக் கடிதம்: ஆங்கில நோட்டு பற்றியும் சில வார்த்தைகள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவில் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. ஓவியம், கையெழுத்து, பேச்சு என எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். வகுப்பு நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்து உதவிய அனைவருக்கும் நன்றி. மதிப்பெண் அட்டை வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வரும்.

அப்புறம், மூன்றாம் வகுப்பு ஆங்கில நோட்டு பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. மற்ற வகுப்புப் பெற்றோர்களும் படித்துவிடுங்கள். இந்த விஷயம் எல்லா வகுப்புக்கும் வரத்தான் போகிறது.

இந்தப் பருவத்தில் 'ரன்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, அது வெவ்வேறு வாக்கியங்களில் என்னென்ன பொருள் தருகிறது என்று ஆசிரியை பாடம் நடத்தினார். வாக்கியங்களுக்குத் தமிழில் பொருள் எழுதி வருவதுதான் வீட்டுப்பாடம். திரும்பி வந்த நோட்டுகளில் ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. 'ஷி ரன்ஸ் எ ஷாப்' என்பதற்குக் குழந்தை பென்சிலில் 'அவர் கடை நடத்துகிறார்' என்று எழுதியிருக்கிறது. ஆசிரியை சரி போட்டிருக்கிறார். அந்தச் சரியின் மேலேயே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் பெரியவர் கையெழுத்தில், 'ரன் என்றால் ஓடு. தப்பாகச் சொல்லித்தர வேண்டாம்.' குழந்தை தன் விடையை அழித்துவிட்டு 'அவர் கடை ஓடுகிறார்' என்று மாற்றி எழுதியிருக்கிறது. அழுத்தி அழித்ததில் தாளே கிழிந்துவிட்டது. இப்படி வந்த நோட்டு இது ஒன்றுதான் என்றால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

உங்கள் அக்கறை புரியாமல் இல்லை. நாம் படித்தபோது பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று எழுதி மனப்பாடம் செய்தோம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், அதோடு சரி. புத்தகம், நாற்காலி, யானை என்று பெயர்களைப் படிக்கும்வரை அது ஓரளவு ஒத்துவந்தது. ஆங்கிலத்தில் தினமும் புழங்கும் சின்னச் சின்ன சொற்களிடம்தான் அது செல்லுபடியாகாது. எந்தச் சொல் அதிகம் புழங்குகிறதோ, அதற்குத்தான் பொருளும் அதிகம். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 2-ஆம் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பிடித்த சொல் 'செட்'. பிறகு 'ரன்' பகுதியைத் திருத்தி எழுதியபோது, வினைச்சொல்லாக அதற்கு மட்டும் 645 பொருள்கள் வந்தன. பயப்பட வேண்டாம், மூன்றாம் வகுப்புக்கு ஐந்தாறு போதும்.

இது பிள்ளைகளுக்கு ஒன்றும் புதிதும் இல்லை. 'ஓடு' என்ற நம் சொல்லையே பாருங்கள். பேருந்து ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, தியேட்டரில் படம் ஓடுகிறது. எதற்கும் கால் கிடையாது. போதாக்குறைக்குக் கூரையிலும் ஓடு, ஆமைக்கும் ஓடு. எந்தக் குழந்தையும் இதில் குழம்புவதில்லை. வாக்கியத்தோடு கேட்டே வளர்ந்ததால் பழகிவிட்டது. இரண்டு மொழியும் எங்கே ஒன்றாகப் போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதுதான் பாடத்தின் சாரம். பேருந்துக்கும் ஆற்றுக்கும் 'ரன்' சொன்னால் 'ஓடு' என்றே எழுதலாம். மூக்கு 'ரன்' ஆனால் நமக்கு ஒழுகுகிறது. துவைத்த துணியில் நிறம் 'ரன்' ஆனால் சாயம் போகிறது. பால் 'ரன் அவுட்' என்றால் தீர்ந்துபோயிற்று.

வகுப்பில் இதை நடத்திய அன்று நானும் பின்வரிசையில் இருந்தேன். 'இந்த அறையில் எதெல்லாம் ரன் ஆகிறது?' என்று ஆசிரியை கேட்டார். மின்விசிறி என்றது ஒரு குரல், கடிகாரம் என்றது இன்னொன்று. ஜலதோஷத்தோடு வந்திருந்த பையன் கையைத் தூக்கித் தன் மூக்கையே காட்டினான். வகுப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தப் பொருளை இனி யாரும் மறக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சிலர் கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து காட்டுகிறீர்கள். ஒற்றைச் சொல்லை மட்டும் தட்டினால், பெரும்பாலும் பொதுவான ஒரு பொருளைத்தான் அது முதலில் தரும். வாக்கியம் முழுவதையும் தட்டிப் பாருங்கள், விடை மாறலாம். அப்போதும் அது சொன்னதே முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆசிரியர் போட்ட திருத்தத்தின் மேல் வீட்டில் யாரும் எழுதக் கூடாது. பிள்ளையின் விடையை அழித்து மாற்றச் சொல்லவும் கூடாது. நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து, 'இந்த டீச்சருக்கே இங்கிலீஷ் தெரியவில்லை' என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல. அதற்குக் கீழே கைதட்டல் பொம்மை போட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆசிரியர் சொன்னதை நம்புவதா, வீட்டில் சொன்னதை நம்புவதா என்று எட்டு வயதுக் குழந்தையைத் தவிக்க விடாதீர்கள். இனி அப்படி நடந்தால் சம்பந்தப்பட்டவரை நேரில் அழைத்துப் பேசுவேன்.

ஆசிரியர்களும் தவறலாம். சந்தேகம் இருந்தால் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், இல்லையென்றால் நேரில் வாருங்கள். புதன்கிழமைகளில் பள்ளி முடிந்ததும் ஆங்கில ஆசிரியர்கள் அரை மணி நேரம் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். முன்னனுமதி தேவையில்லை.

வீட்டில் உதவ விரும்பினால், 'இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'எந்த வாக்கியத்தில் வந்தது? முழுசாகப் படி' என்று கேளுங்கள். பக்கத்துச் சொற்களைப் பார்த்துக் குழந்தையே பாதி ஊகித்துவிடும். அடுத்த பருவத்தில் 'லைட்', 'லெஃப்ட்' இரண்டும் வருகின்றன. 'லைட்' விளக்காகவும் இருக்கும், கனமில்லாத பையாகவும் இருக்கும், வெளிர்நீலத்தில் அந்த 'வெளிர்' ஆகவும் இருக்கும். 'லெஃப்ட்' இடப்பக்கமும் ஆகும், கிளம்பிப் போனதும் ஆகும், மிச்சம் இருப்பதும் ஆகும். இப்போதே சொல்லிவைக்கிறேன், சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டாம்.

வேலை முடிந்து களைத்து வந்தும் பிள்ளையின் நோட்டை வரி வரியாகப் படிக்கிறீர்கள். அது எல்லாப் பள்ளிக்கும் கிடைக்கிற வாய்ப்பு இல்லை. அதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி. கிழிந்த பக்கத்துக்குப் பதிலாக ஒரு புதுத் தாளை ஆசிரியையே ஒட்டித் தருவார். நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டு, விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்