கயிறும் பிள்ளைகளும்

திருத்துறைப்பூண்டி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே குறுவை நடவு நடக்கிறது, எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விடவில்லை.

லண்டன் பள்ளியில், தீவிரவாதத்தைத் தடுக்கும் அரசுத் திட்டமான 'பிரிவென்ட்' பயிற்சிக்குப் போனதைப் பற்றி எழுதியிருந்தாய். பிள்ளைகள் தீவிரவாதத்தின் பக்கம் இழுக்கப்படாமல் பார்த்துக்கொள்வது 2015 ஜூலையிலிருந்து அங்கே பள்ளிகளின் சட்டக் கடமை. அதே வருடம் பிப்ரவரியில்தானே லண்டன் பெத்னல் கிரீன் பள்ளி மாணவிகள் மூன்று பேர் ஐ.எஸ். தீவிரவாத அமைப்பில் சேர சிரியாவுக்குக் கிளம்பிப் போனார்கள்? பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். அந்தப் பெற்றோரை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

நம் ஊரில் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பெயரில் இல்லை. ஆனால் இங்கே பிள்ளைகளைப் பிடிக்கிற வெறி சாதி. கையில் கலர் கயிறு, கழுத்தில் டாலர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'ஆண்ட பரம்பரை' பாட்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் பையனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம் கூடாது; வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும்; உதவித்தொகை விஷயத்தைக் கூட எல்லோர் முன்னாலும் சாதி சொல்லிப் பேசக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. எல்லாமே தேவைதான்.

'அது தெற்கத்திச் சமாச்சாரம், நம்ம பக்கம் அப்படி இல்லை' என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே பேசினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய கீழ்வெண்மணி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை.

கயிற்றை அறுத்துவிடலாம். அதைக் கட்டிவிட்டது யார் என்று பார்க்க வேண்டாமா? போன வருடம் ஒரு பத்தாம் வகுப்புப் பையன். அப்பா திருப்பூரில் வேலை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார். வகுப்பில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஃபிளக்ஸ் போர்டு கட்டுகிற அண்ணன்கள் கூப்பிட்டார்கள். பைக்கில் ஏற்றிக்கொண்டார்கள், போர்டில் அவன் படத்தையும் போட்டார்கள். அந்த வயதில் வேறென்ன வேண்டும்? எங்கள் பி.டி. மாஸ்டர் அவனைக் கபடி அணியில் சேர்த்து, தினமும் சாயங்காலம் நிறுத்தி வைத்தார். அணியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உண்டு. முழுசாக மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டேட்டஸ் மாறியது, சண்டை என்றால் முதலில் ஓடுவதும் நின்றது.

உங்கள் ஊர் முறையில் எனக்கு ஒரு கவலை உண்டு, மல்லிகா. 2023-24இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 6,900 பேரைப் பற்றி 'பிரிவென்ட்'டுக்குத் தகவல் போயிருக்கிறது. 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளே அதிகம். ஒரு பையன் ஏடாகூடமாக ஒரு கேள்வி கேட்டால், டீச்சர் நம்மைப் பற்றி எழுதிவிடுவாரோ என்று பயப்பட மாட்டானா? பயந்தால் அந்தக் கேள்வியைப் போனிடம் கேட்பான். அங்கே பதில் சொல்லக் காத்திருக்கிறவன் யார் என்று உனக்கே தெரியும். பிள்ளை தப்பாகப் பேசினாலும் நம் முன்னால் பேசட்டும், அதற்கு வகுப்பில் இடம் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

அதனால் இந்த வருடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வர வேண்டும்: அவர்கள் காலத்தில் எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடிந்தது, டீக்கடையில் எந்தத் தம்ளரில் குடித்தார்கள் என்று. இரண்டு வீட்டிலிருந்து எதிர்ப்பு வந்தது. தலைமையாசிரியர் என் பக்கம் நின்றார்.

ஆகஸ்ட் லீவில் நீ ஊருக்கு வரும்போது அந்த நோட்டுகளைப் படித்துப் பார். இந்த மாதிரிப் பேச்சை உங்கள் வகுப்பில் எப்படித் தொடங்குகிறீர்கள், பிள்ளைகள் கத்திச் சண்டை போட்டால் என்ன செய்கிறீர்கள் என்று அதற்கு முன்பே விவரமாக எழுது. எங்கள் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேசவும் வேண்டும், தலைமையாசிரியரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
கஸ்தூரி