கொலஸ்ட்ரோலுக்கு இன்னொரு வேலையும் இருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன மாரியில அம்மாக்கு வயல் வரம்புல கால் வெட்டுப்பட்டு, சீழ் வச்சி, உதறக் காய்ச்சலோட வார்ட்டுல வச்சிருந்தம். ரத்த றிப்போட்ட பாத்தா கொலஸ்ட்ரோல் வழமையை விட நல்லா இறங்கிக் கிடக்கு. பக்கத்துக் கட்டில் அம்மம்மா "நல்லதுதானே மனே" எண்டா. உயிரியல் படிப்பிக்கிற எனக்கு மனம் கேக்கல்ல, ஏனெண்டா கடும் தொற்று வந்தா அது இறங்கிறது வழமை, சந்தோசப்படுற விசயமில்ல.

ரத்தத்துல கொலஸ்ட்ரோலைக் கொண்டு திரியிற எல்டிஎல், எச்டிஎல் எல்லாம் வெறும் கொழுப்புச் சுமக்கிற துணிக்கைகள் எண்டுதான் நாம நினைக்கிறம், ஆனா அதுகள் நஞ்சையும் அடக்கும். ஈகோலை மாதிரிப் பற்றீரியாட வெளிச்சுவர்ல எல்பிஎஸ் எண்டு ஒரு நஞ்சு இருக்கு, அதுட கொழுப்பு முனைதான் வெள்ளை அணுக்களை உசுப்பி விட்டு காய்ச்சலாக்கி பிரஷரையும் விழுத்திறது, அந்த முனையை இந்தத் துணிக்கைகள் தங்கட உறைக்குள்ள வாங்கி மூடிப்போடும், மறுகா ஈரல் எடுத்து பித்தத்தோட கழிச்சிரும். எனக்கு இது இண்டைக்கும் அதிசயம்தான்! சீழ்ப்புண்ணில வாற ஸ்டெபிலோகொக்கஸ் எண்ட பற்றீரியா, கலங்கள்ள ஓட்டை போடுற அல்பா நஞ்சை விடும், அதையும் எல்டிஎல் ஓரளவு செயலிழக்கப் பண்ணும் எண்டு 1983லயே காட்டிட்டாங்க. 1996ல எல்டிஎல் ஏற்பி (ரத்தத்துல இருந்து எல்டிஎல்லைக் கலத்துக்குள்ள எடுக்கிற புரதம்) இல்லாத எலிகளுக்கு எல்பிஎஸ் குடுத்துப் பாத்தப்ப, ரத்தத்துல எல்டிஎல் கூடின அதுகள்தான் சாதாரண எலிகளை விடக் கூடுதலாத் தப்பிச்சு.

இதுக்காக ஒருத்தரும் கொலஸ்ட்ரோல் குளிசையை நிப்பாட்டப்படா, மாரடைப்பு வேற கதை. உங்கட சுகாதாரப் பக்கத்துல கொலஸ்ட்ரோலை எப்பவும் எதிரியாவே எழுதுறீங்க, இந்தப் பக்கத்தையும் ஒருக்கா எழுதுங்க ஐயா.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி