யாழினியின் ரிப்போர்ட் பற்றி கல்பனாவுக்கு

அன்புள்ள கல்பனா,

லுக்கேமியா என்கிற ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் நம் யாழினியின் எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டில் 'முழு ரெமிஷன்' என்று வந்திருப்பதைப் படித்ததும் சந்தோஷத்தில் எனக்குக் கை ஓடவில்லை. அதற்குக் கீழேயே நீ கேட்டிருந்தாய்: நோய் போய்விட்டது என்றால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் மருந்து எதற்கு, போகவில்லை என்றால் எல்லோரும் எதற்கு வாழ்த்துகிறார்கள் என்று. நல்ல கேள்வி. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த ரிப்போர்ட் எப்படி வருகிறது என்பதை லேபில் ஸ்லைடு பார்ப்பவளாகச் சொல்கிறேன். எடுத்த மஜ்ஜையைக் கண்ணாடியில் மெல்லிசாக இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து 500 செல் வரை ஒவ்வொன்றாக எண்ணுவோம். அதில் பிளாஸ்ட் என்கிற முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ரத்தத்தில் தட்டணுவும், கிருமியை எதிர்க்கிற வெள்ளணுவான நியூட்ரோஃபிலும் திரும்ப ஏறியிருக்க வேண்டும், உடம்பில் வேறெங்கும் நோய் தென்படக் கூடாது. இவ்வளவும் சேர்ந்தால் முழு ரெமிஷன். பூஜ்யம் என்று வைக்காமல் 5 என்று ஏன் வைத்தார்கள் என்றால், நோயே இல்லாத ஆளின் மஜ்ஜையிலும் கொஞ்சம் பிளாஸ்ட் இருக்கும், அது எது, நோய்ச் செல் எது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து மட்டும் எப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது.

இங்கேதான் உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இந்த லுக்கேமியாவைக் கண்டுபிடிக்கிற சமயத்தில் உடம்பில் நோய்ச் செல்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி இருக்கும் என்பது கணக்கு. முதல் ஒரு மாத மருந்தில் நூற்றில் தொண்ணூற்றொன்பது போய்விட்டாலும் மிச்சம் ஆயிரம் கோடி! ஸ்லைடில் மஜ்ஜை சுத்தமாகத் தெரியும், குழந்தை ஓடியாடும், பசி எடுக்கும், ரத்த எண்ணிக்கை அழகாக இருக்கும், அத்தனையும் உண்மைதான், ஆனாலும் அத்தனை செல்கள் உள்ளே இருக்க இடம் உண்டு. யாழினிக்கு அவ்வளவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஸ்லைடு ஒன்றை மட்டும் வைத்து இல்லை என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். எடுத்த அன்று, பார்த்த முறையில், பார்த்த அளவுக்கு நோய் தெரியவில்லை என்பதுதான் ரிப்போர்ட்டின் அர்த்தம்.

அதனால்தான் எம்.ஆர்.டி. என்று, கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருக்கும் நோயைத் தேடும் இன்னொரு பரிசோதனை செய்கிறார்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி மெஷினில் பத்தாயிரம் செல்லில் ஒரு நோய்ச் செல் இருந்தாலும் பிடித்துவிடலாம், மரபணுவை வைத்துத் தேடும் முறைகளில் லட்சத்தில் ஒன்றைக்கூடப் பிடிக்கலாம். முதல் கட்ட மருந்து முடிகிற நேரத்தில் இது 0.01 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் திரும்புகிற வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. மேலே இருந்தால் மருந்தின் வீரியத்தைக் கூட்டுவார்கள். என் அபிப்பிராயத்தில் 'ரெமிஷனா' என்று கேட்பதைவிட 'எம்.ஆர்.டி. எவ்வளவு' என்று கேட்பதுதான் இப்போது முக்கியம். உன் கடிதத்தில் அந்த எண் இல்லை.

1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தை லுக்கேமியா வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. அதுவரை அந்த நோய் ஒரு மருந்துக்கும் அசைந்து கொடுத்ததில்லை. ஆனால் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிக' என்று இருந்தது. சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. அந்தப் பெற்றோர்களை நினைத்தால் எனக்கு இன்றும் தாங்கவில்லை. ரெமிஷன் வந்த பிறகு நிறுத்தாமல் பல மருந்துகளைச் சேர்த்து வருஷக்கணக்கில் கொடுக்க வேண்டும் என்பதை அதற்கப்புறம்தான் படிப்படியாகக் கற்றுக்கொண்டார்கள்.

முதுகுத்தண்டில் போடும் ஊசியும் அப்படி வந்ததுதான். தண்டுவட நீரில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே ஏன் குத்துகிறார்கள் என்று கோபப்பட்டிருந்தாய். ரத்தத்தில் போகும் மருந்துகள் பல மூளைப் பக்கம் சரியாக நுழையாது. ரத்தமும் மஜ்ஜையும் சுத்தமாக இருந்த குழந்தைகளுக்கு மூளையைச் சுற்றிய உறையில் நோய் திரும்ப முளைப்பதைப் பார்த்து, 1960களில் டொனால்ட் பிங்கெல் என்பவர் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் அந்த இடத்துக்கும் முன்கூட்டியே சிகிச்சை கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பத்தாண்டு முடிகிறபோது அங்கே ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் நிரந்தரமாகப் பிழைக்கும் நிலை வந்திருந்தது. இன்று நல்ல சிகிச்சை முழுதாகக் கிடைக்கிற இடங்களில் 10இல் 9 குழந்தைகள் பிழைக்கிறார்கள். குழந்தை வலியில் அழும்போது இதெல்லாம் ஆறுதலாக இருக்காது, தெரியும். காரணமில்லாமல் குத்தவில்லை என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

என் விஷயம் கேட்டிருந்தாய். என் முடக்குவாதமும் ரெமிஷனில்தான் இருக்கிறது! காலையில் விரல் மடங்குகிறது, டப்பா மூடியை நானே திறக்கிறேன், உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையும் ஒன்றுக்குக் கீழே. நான் வாரத்துக்கு ஒரு நாள் போடும் மெத்தோட்ரெக்சேட்தான் யாழினிக்கும் மெயின்டனன்ஸ் என்கிற, நோய் திரும்பாமல் காக்கும் நீண்ட கட்டத்தில் மாத்திரையாக வரப்போகிறது, ஃபார்பரின் மருந்துக்கு நெருங்கிய உறவு அது. வாரம் ஒரு முறை என்பதில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதையாக இரு, தப்பித் தவறி தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கூட தினமும் கொடுக்கிற மெர்காப்டோப்யூரின் மாத்திரையும் இருக்கும் என்பதால் குழம்ப வாய்ப்பு உண்டு. காலண்டரில் கிழமையை வட்டம் போட்டு வை.

உன் மாமியார் 'நீறு பூத்த நெருப்பு' என்றாராமே. எனக்கு அது பொருந்தும். மருந்தை நிறுத்தினால் என் மாதிரி பலருக்கு வீக்கம் திரும்பிவிடும், அதனால் நோயை அடக்கி வைத்திருப்பதுதான் என் ரெமிஷன், அதோடு நான் நிம்மதியாகவே இருக்கிறேன். என் தம்பிக்கு இருக்கும் சர்க்கரை நோயில் ரெமிஷன் என்று சொல்வது வேறு: மருந்தெல்லாம் நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும் என்று 2021இல் நிபுணர்கள் வரையறுத்தார்கள், எடை ஏறினால் அதுவும் போய்விடும். ஆனால் யாழினியின் நெருப்பு முழுக்க அணையக்கூடியது கல்பனா. அவளுடைய ரெமிஷன் குணமாவதற்கான வழியில் முதல் படி, அந்தப் படியை மிதிக்காமல் யாரும் குணமானதில்லை. சிகிச்சை முடிந்த முதல் சில வருஷங்களில்தான் நோய் திரும்பும் பயம் அதிகம். வருஷம் ஆக ஆக அது குறைந்துகொண்டே போகும், ஐந்து வருஷம் தாண்டிவிட்டால் திரும்புவது மிக அபூர்வம், அதற்கப்புறம் டாக்டர்களே 'குணம்' என்று தைரியமாகச் சொல்வார்கள். இன்றைக்கு அவர்கள் அதைச் சொல்லாதது உன்னிடம் எதையோ மறைப்பதால் இல்லை, அதைச் சொல்வதற்கான காலம் இன்னும் ஆகவில்லை.

வாழ்த்துபவர்கள் மேல் கோபப்படாதே. சந்தோஷப்பட்டால் கண் பட்டுவிடுமோ என்று நீ பயப்படுகிறாய், நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனாலும் முதல் மாதத்திலேயே நோய் மருந்துக்குப் பணிந்தது பெரிய விஷயம், பணியாத குழந்தைகளும் உண்டு. அதற்காக ஒரு நாளாவது மனசு விட்டுச் சந்தோஷப்படு, அதில் தப்பே இல்லை. ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அது போகச் சிலருக்கு வருஷங்கள் ஆகிறது, பக்கத்தில் நடப்பவர்களுக்கும் அப்படித்தான்.

சரி, செய்ய வேண்டியது. முதல் கட்ட முடிவில் எடுத்த எம்.ஆர்.டி. எண் என்ன, எந்தத் தேதியில் எடுத்தது, நோய் திரும்பும் வாய்ப்பை வைத்துப் பிரிப்பதில் எந்த ரிஸ்க் குரூப்பில் வைத்திருக்கிறார்கள் என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்கு. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ராத்திரி எந்நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போ, நியூட்ரோஃபில் குறைந்திருக்கிற சமயத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. அவள் நன்றாக இருப்பதுபோலத் தெரிகிற நாளில்தான் மாத்திரையைத் தவறவிடத் தோன்றும், விடாதே. பள்ளிக்கூடம் எப்போது அனுப்பலாம் என்று அவள் கேட்டாளாமே, அதை அவளையே டாக்டரிடம் நேரில் கேட்கச் சொல், ஏழு வயசு ஆகிறது, அவள் கேட்டால் அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுவார்.

அடுத்த மாதம் ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். நான் வந்து அவளோடு இருக்கிறேன், நீ தூங்கு. இருமல், சளி எதுவும் எனக்கு இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் கிளம்புவேன். எந்தக் கிழமை அவளுக்கு ஊசி இல்லை என்று மட்டும் எழுது.

உன்,
வசந்தி