அக்கா, அந்த மூன்று நாள்

அக்கா,

பாப்பாவின் சிறுநீரகத்துக்காகக் கொடுத்த எனலாப்ரில் மருந்தை நிறுத்திவிட்டார்களாம். அம்மாதான் சொன்னாள், அதுவும் பேச்சோடு பேச்சாக. போன் செய்தால் எடுக்க மாட்டாய், அதனால் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள், பாப்பா பெயரை எழுதவில்லை.

பாப்பாவுக்கு அந்த ரத்தக் குழாய் நோய் வந்து ஒன்பதாவது வாரம், நீ டிரெயினிங் போயிருந்தாய். காலில் இருந்த செம்புள்ளிகள் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது, முட்டி வீக்கமும் இல்லை, பாப்பா தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று காட்டும் குச்சியை விடிகாலைச் சிறுநீரில் நனைத்து அறுபது எண்ணினேன். புரதக் கட்டம் மஞ்சளாகவே நிற்க வேண்டும், பச்சையாகிவிட்டது. டியூப்லைட்டில் அப்படித் தெரிகிறதோ என்று வாசல் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன், அங்கேயும் பச்சைதான். நீ போனில் கேட்டபோது "நெகட்டிவ்" என்றேன். மூன்று நாளும் அதையே சொன்னேன். நாலாம் நாள் பாப்பா கட்டஞ்சாயா நிறத்தில் சிறுநீர் போனாள்.

தப்புதான். ஆனால் முந்தின வாரம்கூட லேசாகக் காட்டி மறுநாளே சரியானது, உனக்கும் தெரியும். சொல்லியிருந்தால் நீ பாதியில் ஓடி வந்திருப்பாய். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சபையில் சொல்ல முடியாது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: பாப்பாவுக்கு வந்தது ஹெனாக் ஷோன்லைன் பர்ப்யூரா, இப்போது ஐஜிஏ வாஸ்குலைடிஸ் என்கிறார்கள். சளியோ தொண்டைப்புண்ணோ வந்துபோன பிறகு ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சின்ன ரத்தக் குழாய்களில் படிந்து வீங்க வைக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும், ஆனால் அதே படிவு சிறுநீரக வடிகட்டியிலும் சேரலாம், அதுவும் புள்ளி மறைந்த பிறகு, வலியே இல்லாமல். இந்த நோயில் வரும் வயிற்றுவலிக்கு ஸ்டீராய்டு கொடுத்தாயிற்று, இனி சிறுநீரகத்துக்கு வராது என்று நினைக்காதீர்கள், அது தடுக்காது. குறைந்தது 6 மாதம் சிறுநீரும் பிரஷரும் பாருங்கள்.

சிறுநீரகத்தில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்குக் கூட்டிப்போகும்போது பாப்பா என் சுண்டுவிரலைத்தான் பிடித்திருந்தாள், உன்னுடையதை அல்ல. அந்தக் கோபமா உனக்கு? மூன்று நாளில் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னது உன் காதிலும்தான் விழுந்தது. அப்புறமும் அத்தை வீடு வரைக்கும் "மறைத்துவிட்டாள்" என்றாயே, அத்தனை நாள் விடிய எழுந்து குச்சி பிடித்தது யார் என்று ஒருத்தரிடமாவது சொன்னாயா?

சரி, விடு. மாவடு போட்டிருக்கிறேன். பாப்பா இனி உப்பு சேர்க்கலாமா, அதை மட்டும் அம்மாவிடம் சொல்லி அனுப்பு.