தனுஷ்கோடி ஸ்டேஷன் வேலை செய்த 50 வருடங்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் வந்தால் போதும், தனுஷ்கோடி பற்றிக் கட்டுரைகளும் வீடியோக்களும் வரிசையாக வந்துவிடும். எல்லாவற்றிலும் 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல், அலையில் போன பாம்பன் பாசஞ்சர் ரயில், கடைசியில் 'பேய் நகரம்' என்று ஒரு பட்டம். அந்த ராத்திரியை மறக்கக் கூடாதுதான். ஆனால் அதற்கு முன்னால் 50 வருடம் அந்த ஸ்டேஷன் ஓயாமல் உழைத்ததே, அதைப் பற்றி யாரும் நாலு வரி எழுதுவதில்லை.

ஒரு காலத்தில் ரயிலில் வந்து இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி போய்த்தான் கப்பல் ஏறினார்கள். 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரைக்கும் வந்தது, அங்கிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 35 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் சரி. மெயின் லைனே தனுஷ்கோடிக்குத்தான் போனது, இராமேஸ்வரம் பாம்பனில் பிரிந்த கிளைப்பாதை. இதைச் சொன்னால் இன்றைக்கு இராமேஸ்வரத்துப் பிள்ளைகளே நம்புவதில்லை! எழும்பூரில் எடுத்த டிக்கெட்டிலேயே கொழும்பு கோட்டை வரை போகலாம். நடுவில் இர்வின், கோஷன் என்று கப்பல்கள். போட் மெயில் என்ற பெயரே அப்படி வந்ததுதான், அந்த ரயிலை இன்றும் அப்படித்தான் சொல்கிறோம்.

எங்கள் பெரியப்பா கொழும்பில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். தனுஷ்கோடியில் கஸ்டம்ஸ்காரர் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்து வைப்பதையும், எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி முடிப்பதற்குள் கப்பல் சங்கு ஊதிவிடுமோ என்று தான் பதறியதையும் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைப் போல வியாபாரத்துக்குப் போனவர்கள் ஒரு பக்கம் என்றால், தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம். அவர்களை மண்டபத்தில் முகாமில் நிறுத்தி, மருத்துவச் சோதனையெல்லாம் முடித்துத்தான் அக்கரைக்கு அனுப்பினார்கள். மண்டபம் கேம்ப் என்று ஸ்டேஷனுக்குப் பெயர் இருப்பது அதனால்தான். இன்று இலங்கை மலையகத்தில் இருக்கும் எத்தனையோ குடும்பங்களின் முன்னோர் இந்தக் கரையில் கடைசியாக மிதித்த மண் தனுஷ்கோடி மண்தான். இவ்வளவு பேர் வந்துபோன இடத்துக்கு 'பேய் நகரம்' என்ற ஒரு சொல் போதுமா?

புயலில் பாம்பன் பாலம் உருக்குலைந்தது, ஆனால் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் தண்டவாளம் திரும்ப வரவில்லை. கப்பலும் இராமேஸ்வரத்துக்கு மாறி, 1980களில் அதுவும் நின்றுபோனது. எதிர்க்கரையைப் பாருங்கள், போரில் ரயில் நின்றுபோன தலைமன்னாருக்கு 2015 மார்ச்சில் மறுபடி ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது.

நான் இங்கே ரயில் விடச் சொல்லவில்லை. 2019-ல் இராமேஸ்வரம் – தனுஷ்கோடி பாதைக்கு அடிக்கல் நாட்டியது தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு மணல் திட்டு, ஆமை முட்டையிடும் கரை, 2025-ல் பூநாரைகளுக்குச் சரணாலயமும் அறிவித்திருக்கிறார்கள். அந்த மணல் மேல் மறுபடி பாரம் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருக்கிற சுவரையாவது காப்பாற்றுங்கள் என்கிறேன். அங்குள்ள இடிபாடுகளில் சுவர் பிளந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் கடலிலிருந்து எடுத்த பவளக் கல் தெரியும், பூப்பூவாக வரி ஓடியிருக்கும். உப்புக் காற்றில் சுண்ணாம்புக் காரை விரல் பட்டாலே உதிர்கிறது. அதன் மேலேயே ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள், ஆணியால் பெயர் கீறுகிறார்கள். தடுக்க ஆள் இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் சர்ச் சுவரைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனைக் கவனிக்காமலேயே அரிச்சல்முனைக்குப் போய்விடுகிறார்கள்.

புயலில் போனவர்களுக்கு அங்கே நினைவுக் கல் இருக்கிறது. ஸ்டேஷனுக்கும் தமிழில் விரிவான பலகை ஒன்று வேண்டும்: பழைய பாதையின் வரைபடம், கப்பல்களின் படம், அந்த பாசஞ்சரில் வேலையில் இருந்தபடியே உயிர்விட்ட 5 ரயில்வே ஊழியர்களின் பெயர்கள். ரயில்வே கணக்குப்படி பயணிகள் 110 பேர், டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் சேரவே மாட்டார்கள். சுவரைச் சுற்றி ஒரு வேலியும் பகலில் ஒரு காவலாளியும் பெரிய செலவில்லை. இராமேஸ்வரம் ஸ்டேஷனைப் புதுப்பிக்கும் வேலையோடு, அதில் ஒரு அறையை இதற்காக ஒதுக்க வேண்டும். அப்புறம், வாசகர்கள் வீட்டில் பழைய போட் மெயில் டிக்கெட்டோ, கப்பல் படமோ, கொழும்புக் கடிதமோ இருந்தால் அதைக் கேட்டு வாங்கி வரும் டிசம்பரில் உங்கள் பத்திரிகையிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், இராமநாதபுரம்