பாடத்திட்டக் குழுவினருக்கு: ரொலான் பார்த்தை முழுதாகக் கொடுங்கள்

தமிழ், ஆங்கில இலக்கியத் துறைகளின் பாடத்திட்டக் குழுவினருக்கு வணக்கம்.

கோட்பாட்டுத் தாளில் பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டாளர் ரொலான் பார்த்துக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் மாணவர் கைக்குப் போய்ச் சேர்வது, ஒரு படைப்புக்குப் பொருள் தருவது எழுதியவர் அல்ல, வாசகரே என்று சொல்லும் அவருடைய கட்டுரையிலிருந்து ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்ற ஒற்றை வரிதான். ஐந்து மதிப்பெண்ணுக்கு அது போதும் என்பதால் யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை.

அவர் வகுப்பறையில் எப்படிப்பட்ட ஆசிரியர் என்பது அல்லவா பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்! 1915இல் பிரான்சின் ஷெர்பூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே, கடற்படையில் இருந்த அப்பா போரில் இறந்துபோனார். இளம் வயதிலேயே காசநோய். சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனைகளிலேயே வருடங்கள் கழிந்தன. பிரான்சில் ஆசிரியப் பணியில் மேலே போக எழுத வேண்டிய பெரிய போட்டித் தேர்வை அவரால் எழுத முடியவில்லை. முனைவர் பட்டமும் இல்லை. புக்கரெஸ்ட், அலெக்சாண்ட்ரியா என்று வெளிநாடுகளில் வேலை பார்த்தார். அப்புறம் பழைய பிரெஞ்சு நாடகாசிரியர் ரசீனின் நாடகங்களைப் பற்றி அவர் எழுதியதை பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரேமோன் பிகார் 1965இல் மோசடி என்றே சாடினார். அடுத்த வருடமே பார்த் ஒரு புத்தகமாகப் பதில் எழுதினார். 1977 ஜனவரியில் பாரிஸின் புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனமான கொலேஜ் த பிரான்ஸில் பேராசிரியராகத் தொடக்க உரை ஆற்றினார்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது அவருடைய வகுப்பைப் பற்றி. நீங்கள் பாடமாக வைத்திருக்கும் அந்தக் கட்டுரையே பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கின் ‘சர்ராசீன்’ கதையிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, ‘இதைப் பேசுவது யார்?’ என்று கேட்டுத்தான் தொடங்குகிறது. அந்தக் கதையையே 1968, 1969 இரண்டு வருடமும் பாரிஸில் மாணவர்களோடு உட்கார்ந்து வாசித்தார். சிறிய கதைதான். அதை 561 துண்டுகளாகப் பிரித்தார். சில துண்டுகள் ஓரிரு சொற்கள், சில பல வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் நின்று, இங்கே என்ன புதிர் விழுகிறது, எந்தப் பொது நம்பிக்கை பேசுகிறது என்று பார்த்தார். 1970இல் அது ‘எஸ்/இஸட்’ என்ற நூலானது. வகுப்பில் இருந்தவர்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். வாசகன் பிறக்கிறான் என்று எழுதியவர், வகுப்பில் அதைச் செய்தும் காட்டினார்.

எனவே ஒரு வேண்டுகோள். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு சிறுகதையை வையுங்கள். மாணவர்களே அதைத் துண்டு துண்டாக வாசிக்கட்டும். மதிப்பெண்ணை அந்த வாசிப்புக்குக் கொடுங்கள். அந்த ஐந்து மதிப்பெண் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓர் இலக்கிய வாசகர்