விரலைக் குத்தியது போதும், சிறுநீரையும் பாருங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மருத்துவ முகாம் நடத்தும் ஆலய நிர்வாகத்தாருக்கும் இளைஞர் மன்றத்தாருக்கும்,

வணக்கம். தோட்டத்து மருந்தகத்தில் முப்பது ஆண்டு டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற முகாமில் நானும் வரிசையில் நின்றேன். விரலைக் குத்தி இனிப்பு நீர் பார்த்தார்கள், ரத்தக் கொதிப்பு பார்த்தார்கள், மீகூன் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள். மீகூன் நன்றாகவே இருந்தது. சிறுநீரைத்தான் யாரும் கேட்கவில்லை.

எங்கள் காலத்தில் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காய்ச்சுவோம். முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டால் புரதம் ஒழுகுகிறது, சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம் என்று பொருள். இன்று ஒரு சிறு பட்டையை நனைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. மலேசியாவில் 2018-இல் எடுத்த கணக்கின்படி, பெரியவர்களில் 15.48 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் அது தமக்கு இருப்பதை அறிந்தவர்கள் வெறும் 5 விழுக்காடு.

"தெரிந்து என்ன ஆகப்போகிறது, கடைசியில் டயாலிசிஸ்தானே" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன். இனிப்பு நீருக்கென வந்த எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை அந்த நினைப்பை மாற்றியது. 2015-இல் வெளியான ஆய்வில், இதய நோயும் சேர்ந்திருந்த நீரிழிவுக்காரர்களிடையே இதய, ரத்தக்குழாய் மரணங்கள் அதனால் 38 விழுக்காடு குறைந்தன. பிறகு 6,609 சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு இனிப்பு நீரே கிடையாது. சிறுநீரகம் மேலும் கெடுவதும் இதய நோயால் இறப்பதும் சேர்ந்து 28 விழுக்காடு குறைந்ததாக 2023 ஜனவரியில் அச்சானது. ஆய்வு நடந்த எட்டு நாடுகளில் மலேசியாவும் ஒன்று. நம் நாட்டவர் கை நீட்டி ரத்தம் கொடுத்துக் கண்ட பலன் நம் லயத்து வாசலுக்கு வர வேண்டாமா?

ஆன்டிபயாடிக் விஷயமும் இதோடு ஒட்டியதுதான். அவற்றில் பலவற்றை உடம்பிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்திருந்தால் வழக்கமான அளவே மிகையாகிவிடும். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி சிறுநீரகத்தையே தாக்கக்கூடியது. கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் விழுங்குபவர் சளிக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக்கொண்டால், தசை சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தில் போய் அடைக்கலாம். இருமலுக்கு மூன்று கிளினிக் ஏறி இறங்கிய என் மைத்துனரை, "சிறுநீரகம் எப்படி?" என்று எங்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குச் சொல்லத் தெரிந்திராது. இப்போது வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்கிறார். அந்த மருந்துகள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்திருக்கலாம் என்கிறேன்.

அந்தச் சீட்டைத்தான் கேட்கிறேன். அடுத்த முகாமில் எல்லோருக்கும் சிறுநீர்ப் பட்டை. இனிப்பு நீரோ கொதிப்போ உள்ளவர்களுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு எவ்வளவு தங்கியிருக்கிறது என்ற சோதனை. முடிவையும் சாப்பிடும் மருந்துகளின் பெயரையும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுங்கள். எந்தக் கிளினிக் போனாலும் மருந்து வாங்குமுன் அதை நீட்டட்டும். பட்டையில் சிக்காத சிறு புரதக் கசிவை ஆய்வகம்தான் காட்டும். ஆகவே இனிப்பு நீர்க்காரர்களை அரசாங்க கிளினிக்குக்கும் அனுப்பி வையுங்கள்.

பட்டை பார்க்க ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். மண்டபத்துக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் முதல் நாளே பார்த்து வையுங்கள். சென்ற முறை வரவில்லை.

அன்புடன்,
ஒரு பழைய டிரெசர்